கெல்வின் நாஸ்கேயின் மூன்றாவது வகை

யல்பூனாவில் கெல்வின் நாஸ்கேயைப்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ இன்னொருவன் பிறக்கவில்லை. பதினெட்டு வருஷமாக விழுந்துகொண்டிருக்கிறான். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி, ஆம்புலன்ஸ் கொட்டகையின் சிமெண்டுத் தரை. நேரம் தவறியதில்லை.

அடிலெய்டிலிருந்து விமானத்தில் போகிற தூரத்தில், இருநூற்றுப் பத்துப் பேர் இருக்கிற ஊரில் சம்பளத்துக்கு ஆம்புலன்ஸ் ஓட்ட யார் வருவார்கள்? கோதுமை போடுகிறவனும் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவளும்தான் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். கோதுமைக்காரன் கெல்வின், வயது அறுபது. முத்திரைக்காரி அவன் மனைவி கிளெனிஸ். குழுவுக்குத் தலைவி அவள்தான், வீட்டுக்கும். மூன்றாவது ஆள் டல்சி டிரெஜென்சா. எழுபத்தொரு வயது. கெல்வின் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். இன்றைக்கும் அவனைப் பின்சீட்டில் சேட்டை செய்கிற பயலாகத்தான் பார்ப்பார்.

பயிற்சி நாளில் நோயாளி வேஷம் எப்போதும் கெல்வினுக்கு. எலும்பு முறிவு, பாம்புக்கடி எல்லாம் சுமாராகச் செய்வான். மாரடைப்புதான் அவன் கைராசி. அதில் மூன்று வகை உண்டு. கிளெனிஸ் சீட்டில் எழுதி ரகசியமாகக் கொடுப்பாள், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வகையில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து வந்து போகும். தசை இன்னும் சாகவில்லை. இரண்டாவதில் தசை கொஞ்சம் செத்திருக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரியும், ஈ.சி.ஜி. கோடு மட்டும் பூனை மாதிரி ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும். மூன்றாவது முழு அடைப்பு. கோடு மதிலேறிக் குதிக்கும், ஒவ்வொரு நிமிஷத்துக்கும் தசை செத்துக்கொண்டே இருக்கும். பண்ணைக் குளத்திலிருந்து ஆட்டுத்தொட்டிக்குப் போகிற கறுப்புக் குழாயை வைத்து கெல்வின் இதை கால்பந்து கிளப்பில் விளக்கியிருக்கிறான். கேட்டவர்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போய் ஆட்டுத்தொட்டியைச் சரிபார்த்தார்கள்.

முதல் வகைக்கு அவன் முனகுவான். இரண்டாவதுக்கு நாற்காலியோடு சாய்வான். மூன்றாவதுக்கு, "அம்மா!" என்று அலறி, ஒரு சுற்றுச் சுற்றி, கேக் வைத்திருக்கிற மேஜையைத் தவிர்த்து விழுவான். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால் பதினொன்று என்பான்.

அந்த ஆகஸ்ட் ஞாயிறு அவனுக்கு வந்த சீட்டு இரண்டாம் வகை.

ஆனால் காலையிலிருந்தே உடம்பு ஒரு மாதிரி இருந்தது. ஆட்டுக்கு வைக்கோல் போட்டபோது தாடை வலித்தது. பல் என்று நினைத்தான். பிறகு நெஞ்சில் பாரம். ஒரு முழு வளர்ந்த கிடா அலுங்காமல் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி. காலையில் தின்ற சாசேஜ் இரண்டும் வெங்காயமும் செய்கிற வேலை என்று நினைத்தான். ஆகஸ்ட் அந்த ஊருக்குக் குளிர்காலம்; அந்தக் குளிரில் முதுகு வேர்த்ததற்கு மட்டும் அவனிடம் சாக்கு எதுவும் இல்லை. அதனால் அதைப்பற்றி நினைக்காமல் விட்டுவிட்டான்.

ஊருக்கே பதினெட்டு வருஷமாக, "வலி வந்தா பத்து நிமிஷத்துக்கு மேல யோசிக்காதீங்க, உடனே கூப்பிடுங்க" என்று பாடம் நடத்துகிறவன் ஒன்றரை மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தான். அவன் யோசித்தது லெஸ் பிட்மனைப் பற்றி. தொண்ணூற்றேழில் லெஸ் நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பாதி வழியில் பெரிய ஏப்பம் ஒன்று விட்டார், வலி போய்விட்டது. அன்றிலிருந்து அவர் ஏப்பம் லெஸ். இருபது வருஷம் கழித்து இறந்தபோது, தேவாலயத்தில் பாஸ்டரே வாய்தவறி அப்படித்தான் சொன்னார். சாகிறதைக் காட்டிலும் அது மோசம் என்று கெல்வினுக்குத் தோன்றியது. மாரடைப்பு வந்த மூளை அவ்வளவுதான் யோசிக்கும்.

அதனால் கொட்டகைக்கு வந்தான், நாற்காலியில் உட்கார்ந்தான், வேஷத்தை ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தான்.

"ஆரம்பிடா," என்றார் டல்சி. கையில் பையும் ரத்த அழுத்தப் பட்டையும் தயார்.

"ஆரம்பிச்சாச்சு."

"இதா? பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி இருக்க. சரி, எங்க வலிக்குது?"

"இங்க. தாடையிலயும் கொஞ்சம்."

"பத்துக்கு எத்தன?"

கெல்வின் யோசித்தான். "நாலு."

"நாலா!" டல்சி கிளெனிஸைத் திரும்பிப் பார்த்தார். "உன் புருஷனுக்கு இன்னிக்கு நடிக்க இஷ்டமில்லம்மா. நாலாம்! போன மாசம் வெறும் சுளுக்குக்கு ஒம்பது சொன்னான்."

கிளெனிஸ் ஜன்னலோரம் நின்று மதிப்பெண் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

டல்சி அவன் சட்டையைத் திறந்து பத்து ஒட்டு வட்டங்களையும் ஒட்டி வயர்களை மாட்டினார். வழக்கம் என்னவென்றால், மாட்டியதும் நோயாளி போர்வைக்குள்ளே வயர்களைக் கழற்றி, பக்கத்தில் ஒளித்துவைத்திருக்கும் சின்னப் பயிற்சிப் பெட்டியில் செருகிவிட வேண்டும். சிகரெட் பாக்கெட் அளவுப் பெட்டி. எந்த வகைக்குத் திருகுகிறோமோ அந்தக் கோட்டை அனுப்பும். அது கெல்வினுடைய வேலை. இன்றைக்குப் பெட்டியைப் பக்கத்தில் எடுத்துவைக்க மறந்ததுகூட அவனுக்கு நினைவில்லை. கைகள் மடியில் ஈரமாகக் கிடந்தன.

இயந்திரம் தாளைத் துப்பியது. டல்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஆகா. மூணாவது வகை. இதோ, இதோ, இதோ, மூணு இடத்துல மேல ஏறியிருக்கு. ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சேன், எழுதிக்க கிளெனிஸ்."

"நான் ரெண்டாவது வகைனுல்ல எழுதிக் குடுத்தேன்," என்றாள் கிளெனிஸ்.

"அப்ப பெட்டியைத் தப்பாத் திருகியிருக்கான். நடிப்பும் இல்ல, திருகவும் தெரியல. பின்சீட்டுப் பயல்."

"எங்க கெல், பெட்டியைக் குடு," என்று கிளெனிஸ் கை நீட்டினாள்.

கெல்வின் போர்வைக்குள் துழாவினான். இல்லை. கிளெனிஸ் திரும்பி மேஜையைப் பார்த்தாள். தேங்காய்த்துருவல் அப்பிய லாமிங்டன் கேக்குத் தட்டுக்குப் பக்கத்தில், வயர் எதுவும் செருகாமல், விளக்கும் எரியாமல் பெட்டி கிடந்தது.

வெளியே கம்பியில் கலா கிளிகள் கத்திக்கொண்டிருந்தன.

"கெல்," என்றாள் கிளெனிஸ். அவள் குரல் மெலிந்திருந்தது. "நிஜமாவா நாலு?"

"வாயுவா இருக்கும் கிளென்."

"முப்பத்து நாலு வருஷத்துல நீ எதையாவது சத்தம் போடாம தாங்கியிருக்கியா? முள்ளு குத்தினதுக்கு என்னைய பக்கத்து ஊருக்கு ஓட்டிட்டுப் போக வச்சவன். டல்சி, வண்டிய எடுங்க. நீ இத மெல்லு." ஆஸ்பிரின் மாத்திரையை அவன் வாயில் போட்டாள். "முழுங்காத. மெல்லு."

"தெரியும். நான்தான் பாடம் எடுக்கிறவன்."

"அப்ப நீயே ஏன் கூப்பிடல?"

அவன் மென்றான். ஆஸ்பிரின் கசந்தது.

ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடந்தபோதுதான் தன் ஆம்புலன்ஸின் கூரையை கெல்வின் முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தான். ஒரு மூலையில் ஈரம் கசிந்த கறை. இத்தனை பேரைக் கூட்டிப் போனோமே, இதையா அவர்கள் கடைசியாகப் பார்த்திருப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது. மருத்துவமனை மிண்டாராவில், நாற்பத்தோரு கிலோமீட்டர். முன்னாலே டல்சி, குழந்தைகள் நிற்கிற பஸ்ஸை ஓட்டுகிற நிதானத்தோடு ஓட்டினார்.

"சைரனைப் போடுங்க டல்சி!"

"எதுக்குடா? ரோட்டுல ஒரு ஆடுகூட இல்ல."

"எனக்கு ஒரு மரியாதைக்காவது."

டல்சி சைரனைப் போட்டார். இரண்டு நிமிஷம் போட்டு, தலை வலிக்கிறது என்று நிறுத்திவிட்டார். ஆனால் வண்டியின் வேகம் கூடியிருந்தது. தன் வாழ்நாளில் டல்சி நூறைத் தாண்டியதை கெல்வின் கேள்விப்பட்டதுகூட இல்லை. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

கிளெனிஸ் அவன் நாக்குக்கடியில் மருந்தைப் பீய்ச்சினாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். படிவத்தை எடுத்து, "பெயர்?" என்று கேட்டாள்.

"கிளென்."

"அது என் பேரு. உன் பேரு?"

"கெல்வின் ஆல்வின் நாஸ்கே. பிறந்த நாள் உனக்குத் தெரியும். நீதான் ஒவ்வொரு வருஷமும் மறப்ப."

"பேசாம இரு," என்றாள். பேனாவைப் பற்றிய பிடியை மாற்றிக்கொண்டாள். "சின்ன அடைப்பாத்தான் இருக்கும்."

ஈ.சி.ஜி. தாள் அவள் சட்டைப்பையில் நாலாக மடிந்திருந்தது. அவன் கேட்கவில்லை. நோய் எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் அவள் தாளைக் காட்டுவாள் என்பது அவனுக்குத் தெரியும்.

மிண்டாரா மருத்துவமனையில் நர்ஸ் மெர்லியும், சுவரில் ஒரு திரையும் இருந்தார்கள். திரைக்குள்ளே அடிலெய்டில் இருந்து டாக்டர் கலாரிஸ் என்கிற இதய நிபுணர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பின்னால் ஒரு காப்பிக் கோப்பை. தாளைப் பார்த்துவிட்டு அவர் சுற்றி வளைக்கவில்லை.

"கெல்வின், இது முழு அடைப்பு. நேரம் போகப் போக தசை போயிட்டே இருக்கும். ரெண்டு வழி இருக்கு. இங்க கொண்டுவந்து குழாயைத் திறந்து ஸ்டென்ட்னு சின்ன வலைக்குழல் வைக்கிறது ஒண்ணு. ஆனா நீங்க வந்து சேர நேரமாகும். அதனால, கட்டியைக் கரைக்கிற ஊசிய அங்கயே இப்பவே போட்டுடலாம்னு பார்க்கிறேன். அதுக்கு முன்னாடி சில கேள்வி."

"தெரியும் டாக்டர்," என்றான். நன்றாகவே தெரியும். அந்த ஊசி இதயத்தில் இருக்கிற கட்டியை மட்டும் தேடிப் போகாது. உடம்பில் எங்கெல்லாம் ரத்தம் உறைந்து ஆறுகிறதோ அங்கெல்லாம் போய்க் கரைத்துவிடும், ஆறாத காயம் இருக்கிற இடத்தில் ரத்தம் கொட்டும். அதனால்தான் அந்தக் கேள்விகள். அவற்றை அவன் மனப்பாடமாகச் சொல்லுவான். நாலாவது கேள்வி வருவதற்கு முன்பே அவனுக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது.

"பக்கவாதம் வந்திருக்கா?" "இல்ல." "வயித்துல புண், ரத்தப்போக்கு?" "இல்ல." "சமீபத்துல ஆபரேஷன்?" "இல்ல."

ஒவ்வொரு 'இல்ல'வையும் கிளெனிஸ் படிவத்தில் குறித்துக்கொண்டே வந்தாள்.

"கடைசி மூணு மாசத்துல தலையில அடி பட்டிருக்கா?"

பதினாறு நாளைக்கு முன்பு, புயல் வரும் என்று வானொலி சொன்ன மத்தியானம், ஆட்டுக்குக் கம்பளி கத்தரிக்கிற கொட்டகையின் கூரைத் தகடு ஒன்று படபடத்தது. அறுபது வயசுக்கு மேல் கூரையில் ஏறுவதில்லை என்று கிளெனிஸ் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான். அவள் தபால் நிலையத்தில் இருந்தாள். ஏறினான். அடுத்து அவனுக்கு நினைவிருந்தது நாயின் நாக்கு. முகம் முழுக்க நக்கிக்கொண்டிருந்தது. முதல் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் இருந்த நிழல் இரண்டாவது தொட்டிக்குப் போயிருந்தது. பின்மண்டையில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். அன்றிலிருந்து பத்து நாள் சாப்பாட்டு மேஜையிலும் தொப்பியைக் கழற்றவில்லை. வழுக்கை விழுவதை மறைக்கிறான் என்று நினைத்துக் கிளெனிஸ் ஒரு வார்த்தை கேட்காமல், கம்பளி நூல் வாங்கி நீலக் குல்லாய் ஒன்று பின்னிக் கொடுத்தாள்.

ஒரு 'இல்ல' போதும். ஊசி போடுவார்கள், கிடா நெஞ்சிலிருந்து இறங்கிப் போகும், கிளெனிஸுக்குத் தெரியவேண்டியதில்லை. இப்போது கண்ணெல்லாம் சிவந்து, படிவத்துக்கு மேலே பேனாவைப் பிடித்து நிற்கிறவளிடம் போய் அதைச் சொல்வதா? கெல்வினுக்குத் தெரிந்த நோயாளிகளில் பொய் சொல்லாதவன் ஒருவன்கூட இல்லை. ரெண்டே பீர்தான் குடித்தேன் என்பார்கள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்பார்கள். அவர்களையெல்லாம் கழுதைகள் என்று வீட்டுக்கு வந்து கிளெனிஸிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

"கெல்வின்?" என்றார் டாக்டர்.

"பட்டிருக்கு," என்றான். சுவரைப் பார்த்துச் சொன்னான். "கூரையிலருந்து விழுந்தேன். ரெண்டு வாரம், ரெண்டு நாள் ஆச்சு."

பேனா நின்றது.

"நினைவு போச்சா?"

"போச்சு."

"எவ்வளவு நேரம்?"

"எனக்குத் தெரியாது டாக்டர். நாய்க்குத் தெரியும்."

நர்ஸ் மெர்லி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கிளெனிஸ் சிரிக்கவில்லை.

"தொப்பி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு குனிந்து, படிவத்தில் 'ஆம்' என்பதைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டாள்.

"அப்ப அந்த ஊசி வேண்டாம்," என்றார் டாக்டர். "சொன்னீங்களே, நல்ல காரியம் பண்ணீங்க. மெர்லி, விமானம் எங்க இருக்குன்னு கேளுங்க."

தொலைதூர ஊர்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிப்போகிற பறக்கும் டாக்டர் விமானம் யாரையோ இறக்கிவிட்டு இருபது நிமிஷத் தூரத்தில் சும்மா நின்றிருந்தது. கெல்வினுடைய வாழ்க்கையில் அவன் தகுதிக்கு மீறி நடந்த நல்ல காரியங்களில் அது இரண்டாவது. முதலாவது, ஓடுபாதை வரைக்கும் வந்து, விமானத்தில் ஏறி அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

டல்சி கீழே நின்று அவன் காலைப் போர்வையோடு சேர்த்து ஒரு தட்டுத் தட்டினார். "ஒழுங்கா உட்காரு. கைய வெளிய நீட்டாத," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை நோக்கிப் போனார்.

வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். நாலு, மூன்றாகியிருந்தது. கிளெனிஸ் பேசாததுதான் எட்டு, ஒன்பது.

"திட்டேன்," என்றான், இயந்திர இரைச்சலுக்கு மேலே.

அவள் கேட்காததுபோல் ஜன்னலைப் பார்த்தாள். கீழே கோதுமை வயல்கள் பச்சையாக நகர்ந்தன. அதில் பாதி கடன்காரனுக்கு, பாதி கிளிக்கு என்று வழக்கமாக ஒரு ஜோக் சொல்வான். சொல்லவில்லை.

அடிலெய்டில் எல்லாம் ஓட்டமாக நடந்தது. முதலில் தலையைப் படம் எடுத்தார்கள், ரத்தக்கசிவு இல்லை. "உள்ள எதுவும் இருக்காதுன்னு நான் அப்பவே சொல்லியிருப்பேன்," என்று கிளெனிஸ் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. விமானம் ஏறியபின் அவள் பேசிய முதல் வாக்கியம். அவனுக்கு உயிர் வந்தது. பிறகு மணிக்கட்டில் ஊசித்துளை போட்டு, அதன் வழியாக மெல்லிய கம்பியை இதயம் வரைக்கும் அனுப்பினார்கள். திரையில் அவனுடைய ரத்தக்குழாய் மொட்டையாக ஒரு இடத்தில் நின்றது. சின்ன பலூனை ஊதினார்கள், வலைக்குழலை விரித்து வைத்தார்கள். மொட்டையாக நின்ற குழாய் திடீரென்று கீழே வரைக்கும் கிளை கிளையாக ஓடியது. கிடா எழுந்து போய்விட்டது. எந்தச் சத்தமும் இல்லாமல் வந்த மாதிரியே போனது.

கெல்வின் அழுதான். முகமூடி போட்ட டாக்டர், "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்ல," என்றான். அன்றைக்கு அது உண்மை.

மறுநாள் மத்தியானம் வார்டில் நர்ஸ் ஒருத்தி வந்து மாத்திரைகளை வரிசையாக வைத்துவிட்டுப் போனாள். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு, இதயம் நிதானமாக அடிக்க ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. இதயத் தசையில் கொஞ்சம் போயிருக்கிறது, மிச்சம் நிறைய இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரையைத் தவறவிட்டால் ஸ்டென்ட் மறுபடி அடைக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். கிளெனிஸ் பக்கத்து நாற்காலியில், யாரோ கொடுத்த பத்திரிகையைத் தலைகீழாக இல்லாவிட்டாலும் அதே பக்கத்திலேயே அரை மணி நேரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றான் கெல்வின்.

"சொல்லு."

"கொழுப்பு மாத்திரைய ரெண்டு வருஷமா நான் போடல. கால் வலிக்குதுன்னு விட்டுட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"கோழிக்கூண்டு பின்னாடி குழி தோண்டினேன்ல, எலுமிச்சைக்கு. மொத்தமும் அங்க இருந்துச்சு. புதைச்சா முளைக்கும்னு நினைச்சியா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"டாக்டர்கிட்ட சொன்னேன். வேற மாத்திரை எழுதினாரு. காலையில உன் கஞ்சியில பொடி பண்ணிப் போட்டேன், மூணு வாரம். நீ கஞ்சிய நிறுத்திட்டு சாசேஜுக்கு மாறிட்ட."

கெல்வின் வரிசையாக இருந்த மாத்திரைகளைப் பார்த்தான். "யூட் வண்டியில இருக்கிற நெளிசல் கங்காருவால வந்ததில்ல. தேவாலயக் கதவுத் தூண்."

"தூணுல நம்ம வண்டிப் பெயிண்ட் இருக்கு. பாஸ்டரே காட்டினாரு."

"உன் தங்கச்சி கல்யாணத்துல மைக்கை உடைச்சது..."

"கெல். எல்லாம் தெரியும் எனக்கு." பத்திரிகையை மடித்து வைத்தாள். "இந்த ஒண்ணுதான் தெரியல. இந்த ஜில்லாவுல எவன் தலை வீங்கினாலும் என்கிட்டதான் கொண்டு வர்றாங்க. பக்கத்து தலையணையில இருந்த தலைய நான் பார்க்கல. குல்லாய் பின்னிக் குடுத்தேன்." மடித்த பத்திரிகையை இன்னொரு தடவை மடித்தாள். "அந்தக் கேள்விக்கு நீ இல்லன்னு சொல்லியிருந்தா, நானே 'இல்ல'ன்னு வட்டம் போட்டிருப்பேன். என் கையால. தெரியுமா உனக்கு?"

அவனிடம் ஜோக் எதுவும் கைவசம் இல்லை.

"சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன்," என்றான். "கொஞ்ச நேரம்."

"பார்த்தேன். சுவத்தைப் பார்த்துட்டு இருந்த."

"மன்னிச்சிடு கிளென்."

அவள் எழுந்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். வயர்களை ஒதுக்கிவிட்டு, அவன் தலையை ஆட்டுக்குட்டியைத் திருப்புகிற மாதிரி பக்கவாட்டில் திருப்பி, மெலிந்த முடிக்குள்ளே விரலை விட்டாள்.

"எங்க?"

"பின்னாடி. இன்னும் கொஞ்சம் கீழ. எடது பக்கம்."

"இங்கயா?"

"அங்கதான்னு நினைக்கிறேன். வீக்கம் வத்திடுச்சு. இப்ப ஒண்ணும் தெரியாது."

"பேசாம இரு," என்றாள் கிளெனிஸ். ஒன்றும் தெரியாத அந்த இடத்தில் விரலை வைத்தபடியே, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து இரண்டு தடவை சொல்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.